பாய்லர் பீரங்கியும் பறிபோன மீசையும்

குன்னூர்,
கார்த்திகை மாதக் கடைசித் திங்கள், 1971.

மதராஸில் புகழோடு விளங்கும் மூத்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

குன்னூர் மளிகைக் கடை மாமனார் வேலாமணி பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் மகள் கனகமணியும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் சௌக்கியமாக இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சின்னவள் தங்கமணியும் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று எங்கள் அய்யன் பழக்கிவிட்டதால் எழுதினேன். உண்மையில் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வீட்டில் ஒருத்தருக்கும் சுகமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அது குளிரால் என்று நினைக்க வேண்டாம்.

தங்கமணியின் உப்புச் சர்க்கரை நின்றுபோய்விட்டது. பெண் வீட்டு உப்பும் மாப்பிள்ளை வீட்டுச் சர்க்கரையும் கை மாறினால்தான் எங்கள் பக்கத்தில் கல்யாணம் உறுதி. நேற்று மாறவில்லை. எங்கள் உப்பு எங்கள் தட்டிலேயே கிடக்க, அவர்கள் கொண்டுவந்த சர்க்கரையை அவர்களே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணம் யார் என்று நான் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையை மாமனார் கடிந்து பேசுவது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. கீழே எங்கேயாவது குரல் உயர்ந்த மாதிரி இருந்தால் அது உங்களைச் சொன்னதல்ல, உங்கள் பேனாவைச் சொன்னது.

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போன கையோடு உங்கள் வாரப் பத்திரிகையில் ‘கல்லிலிருந்து ராக்கெட் வரை’ என்று முழுப் பக்கக் கார்ட்டூன் போட ஆரம்பித்தீர்கள். எதிரி நாட்டுத் தளபதி தடபுடலார் என்று ஒருத்தர், மனுஷன் ஆதியிலிருந்து கண்டுபிடித்த ஆயுதங்களையெல்லாம் வாரத்துக்கு ஒன்றாக நம்மேல் பிரயோகம் செய்து, ஒவ்வொன்றிலும் தானே அடிபட்டுக்கொள்கிற கதை. சண்டை நெருங்குகிற காலத்தில் ஜனங்களுக்குத் தைரியம் வரவேண்டுமானால் எதிரியைப் பார்த்துச் சிரிக்க வைக்க வேண்டும், அது பாதிப் படைக்குச் சமம் என்று நீங்கள் தீபாவளியன்று முறுக்குத் தின்றுகொண்டே சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வாரத்துப் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி கல்லாவுக்கு நேர் மேலே மாட்டி, அதற்குக் கீழேயே உட்கார்ந்து வியாபாரம் செய்தேன். ‘என்ற மாப்பிள்ளை போட்ட படமுங்க’ என்று துவரம்பருப்புக் கேட்டவரிடமும் சொன்னேன், ஒன்றும் கேட்காதவரிடமும் சொன்னேன். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். நல்ல படம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே மேல் எஸ்டேட்டில் சேர்ந்திருக்கும் பழனியாண்டி ஒரு நாள் கோதுமை மாவு வாங்க வந்தான். படத்தைப் பார்த்தவன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டான். எதற்கப்பா என்றேன். “படத்துல இருக்கிற பெரிய தொர நீங்கதானுங்களே ஐயா” என்றான். அது எதிரி நாட்டுத் தளபதியப்பா என்றேன். “எந்த நாட்டுத் தொரையா இருந்தா எங்களுக்கு என்னங்க. அந்த நாட்டுக்காரவங்களும் வரிசையில நிக்க வச்சாங்க, இந்த நாட்டுக்காரவங்களும் வரிசையில நிக்க வச்சாங்க. பெரிய மீசையக் கண்டா கை தானா எந்திரிச்சுக்கிது” என்றான். அவன் போன பிறகு கடைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். மீசை, மூக்குக்கு இடப்புறம் மச்சம், முன்பல் இடைவெளி, காதோரம் நட்டுக்கொண்டு நிற்கும் நாலு முடி. அடக் கடவுளே என்று கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். படத்தில் தளபதி போர்த்தியிருக்கும் மிருகத் தோலில்கூட என் பழுப்புக் கம்பளியின் ஒட்டுத் தையல் இருக்கிறது மாப்பிள்ளை. கையில் தூக்கி வைத்திருக்கும் கல் எங்கள் அம்மிக்கல்.

சரி, ஏதோ ஒரு வாரம் கை தவறிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் வில் அம்பு. என் குடையை உரித்து அதன் கம்பியை வளைத்து வில் செய்திருக்கிறீர்கள், பிடியில் ‘கா.வே.’ என்று எழுதியிருப்பதை அழிக்கக்கூட இல்லை. அதற்கடுத்த வாரம் பீரங்கி. ஊரே கூடி நின்று பார்த்தது. அது பீரங்கியா மாப்பிள்ளை? எங்கள் குளியலறை வெந்நீர் பாய்லர். புகைபோக்கி நசுங்கியிருப்பதும், குழாய் ஒழுகாமல் இருக்க உங்கள் அத்தை சுற்றி வைத்த பழைய ரவிக்கைத் துணியும் அப்படியே இருக்கிறது. தளபதி தீ வைக்கிறார், வெந்நீர் அவர் தலையிலேயே கொட்டுகிறது. இந்த ஊரில் பாய்லர் இல்லாமல் மனுஷன் குளிக்க முடியுமா? தீபாவளிக் காலையில் நீங்கள் தண்ணீர் ஊற்றும் வாயில் கரியைக் கொட்டியதை நான் இதுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. என் பக்கத்து மரியாதை அப்படி. டாங்கி வாரத்தில் என் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்குச் சக்கரம் மாட்டிவிட்டீர்கள். ராக்கெட் வாரத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. தீபாவளியன்று பாட்டிலில் வைத்த ராக்கெட் வாணம் சாய்ந்து கடைக்குள்ளேயே பாய்ந்து வந்ததையும், நான் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் பதுங்கியதையும் தெருவே நேரில் பார்த்தது. கார்ட்டூனில் அதையே பார்த்ததும் இனி இது வேறு யாரோ என்று சொல்ல எனக்கு வாய் இல்லாமல் போய்விட்டது. தெருப் பிள்ளைகள் இப்போது ‘தடபுடலார் கடைக்குப் போய்ப் பொரிகடலை வாங்கிட்டு வா’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

சம்பந்தி வீட்டார் வரும் நாள் நெருங்குகிறதே என்று மீசையை எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கூடவே இருந்த மீசை. சவரக்காரரே இரண்டு தடவை ‘நிசமாத்தானுங்களா’ என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை யாரோ அந்நிய ஆம்பளை என்று முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகட்டும், மகளுக்காகத்தானே என்று இருந்தேன். நேற்று வந்த இதழைப் பிரித்தால், தளபதி தடபுடலார் மீசையை மழித்துக்கொண்டு, குரங்குக் குல்லாயும் மப்ளருமாக மாறுவேஷத்தில் ஓடுகிறார். மதராஸில் இருப்பவருக்கு என் மீசை போன சமாசாரம் எப்படித் தெரிந்தது என்று வீட்டையே புரட்டி விசாரித்தேன். கடைசியில் உங்கள் அத்தை, “பெத்த புள்ளகிட்டச் சொன்னேனுங்க, அதுல என்ன தப்பு” என்றாள். தபாலாபீசுக்குப் போய்க் கனகமணிக்கு டிரங்க்கால் போட்டு அழுதிருக்கிறாள். ‘வாயைத் திறக்காதே, ஒற்றன் காது உன் பக்கத்தில்’ என்று அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் சாய்ந்துகொண்டு பேசினாளாம். சொந்த வீட்டுக்குள்ளேயே உளவு நடக்கிறது என்றால் நான் எந்தப் பாளையத்தில் போய் ஒளிவது?

இனி நேற்று நடந்தது. மாப்பிள்ளைப் பையனின் அப்பா ஆறுக்குட்டி அருவங்காடு ஃபேக்டரியில் வேலை. அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் “அதச் சொல்லக் கூடாதுங்க” என்பார். வெடிமருந்து என்று மலைக்கே தெரியும். சண்டை நேரத்தில் லீவு கிடைக்காமல் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் சரக்கெடுக்க மேட்டுப்பாளையம் போய்விட்டதால் என்னை நேரில் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்திலும், புது இதழ் அதற்குள் அவர்கள் கைக்குப் போயிருக்காது என்ற நம்பிக்கையிலும் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆறுக்குட்டியின் சம்சாரம் அன்னக்கிளி தட்டில் வைக்கச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பொட்டலக் காகிதம் உங்கள் பத்திரிகை. நேற்றைய இதழ். சர்க்கரைக்கு அடியிலிருந்து குல்லாய் போட்ட தளபதி என்னையே பார்க்கிறார். அன்னக்கிளி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, அந்தக் குல்லாயக் கொஞ்சம் கழட்டுங்க பாக்கலாம்” என்றாள்.

கழற்றினேன். வேறு என்ன செய்ய? “எங்கூட்டுப் புள்ளைக இந்த மூஞ்சியச் செவுத்துல ஒட்டி வெச்சு நித்தமும் சாணி உருண்டையில அடிக்குதுக. நாளைக்குச் சம்பந்தின்னு நீங்க வாசல்ல வந்து நின்னா நான் அதுககிட்ட என்னன்னு சொல்றதுங்க?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். ஆறுக்குட்டி மட்டும் எழுந்து நின்று, “அது கெடக்குதுங்க, அப்ப அந்தப் பீரங்கி இங்கதான் இருக்குதுங்களா?” என்றார். குளியலறைக்குப் போய்ப் பாய்லரைத் தட்டிப் பார்த்தார், புகைபோக்கிக்குள் கையை விட்டார், “இத வெச்சுச் சுட்டா சுடறவந்தான் மொதல்ல போவான், உங்க மூத்த மாப்பிள்ளை சரியாத்தான் வரஞ்சிருக்கறாரு” என்று தீர்ப்புச் சொன்னார். குடையை விரித்துப் பார்த்தார். பீப்பாயை உருட்டிப் பார்த்தார். அவர் பின்னாலேயே வந்த ஜனம் பூராவும் மிளகாய் மூட்டை வரைக்கும் போய் எட்டிப் பார்த்தது. எல்லோரும் கூடத்துக்குத் திரும்பி வரும்போது மணி நாலரை, இராகு காலம் ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை மார்கழி பிறக்கிறது. தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று அன்னக்கிளி சர்க்கரையை அந்தக் காகிதத்திலேயே திரும்பக் கட்டினாள். தை வந்தால் வருவார்கள் என்று அந்தக் குரலில் இல்லை.

தங்கமணி அழவில்லை. உப்பை எடுத்துப் போய் ஜாடியிலேயே கொட்டிவிட்டாள். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது மாப்பிள்ளை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆகையால் உங்களை ஒன்று கேட்கிறேன். தளபதி தடபுடலாரை இந்த வாரமே குண்டு போட்டுக் கொன்றுவிடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த உங்கள் அத்தை, “என்ற புருசன் மூஞ்சிய வெச்சுப் பத்திரிகையில எழவு போடச் சொல்றீங்களா, என்ற தாலி என்னங்க ஆகறது” என்று பேனாவைப் பிடுங்கிவிட்டாள். எனவே கொல்ல வேண்டாம். வேலையை விட்டு நீக்குங்கள், வேறு தளபதியை வேறு மூஞ்சியோடு நியமியுங்கள். இனி இந்த ஜன்மத்தில் என் முகம் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது. ஒரு மாமனாராக இல்லை, பெண்ணைப் பெற்றவனாகக் கேட்கிறேன்.

உங்கள் கையும் பேனாவும் நூறாண்டு நோகாமல் இருக்கட்டும். கனகமணிக்கு என் ஆசி. அவளிடம் டிரங்க்கால் வந்தால் எடுக்க வேண்டாம் என்று சொல்லவும். 

மரியாதை குறையாத மாமனார்,
கா. வேலாமணி

பி.கு. தபாலில் சேர்க்கக் கை வராமல் கடிதம் நாலு நாள் மேஜையிலேயே கிடந்தது. நேற்று ரேடியோவில் சண்டை முடிந்தது, எதிரிப் படை சரணடைந்துவிட்டது என்று சொன்னார்கள். இன்று காலை கடை திறக்கும்போது ஆறுக்குட்டி வந்து நிற்கிறார், கையில் சர்க்கரைப் பொட்டலம், நல்ல வெள்ளைக் காகிதத்தில். “சரணடைஞ்ச தளபதிய மரியாதையா நடத்தோணும், நல்ல சோறு போடோணும், அதுதானுங்க உலகத்துச் சட்டம். எங்கூட்டுல எல்லார்த்துக்கும் எடுத்துச் சொல்லிட்டனுங்க. இனிமே சாணி அடிக்கமாட்டாங்க” என்றார். மார்கழியாக இருப்பதால் உப்பை மட்டும் பிறகு மாற்றிக்கொள்வோம், தை முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தங்கமணி என்னைப் பார்த்துச் சிரித்தாள், காப்பியில் சர்க்கரையை இரண்டு மடங்கு போட்டுவிட்டாள். ஆனால் அன்னக்கிளி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். பிள்ளைகள் வாய்ச் சொல்லை நம்பமாட்டார்களாம், பத்திரிகையில் வந்தால்தான் நம்புவார்களாம். ஆகவே அடுத்த வாரம் தளபதி தடபுடலார் பாய்லரையும் குடையையும் பீப்பாயையும் வரிசையாக ஒப்படைத்துவிட்டு, தலைவாழை இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி அவசியம் போட வேண்டும். முகம் என் முகமாகவே இருக்க வேண்டும், மச்சத்தை விட்டுவிடாதீர்கள், சம்பந்தி வீட்டில் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்கள். எனக்கு மீசை வளரத் தை ஆகிவிடும். படத்தில் இப்போதே வைத்துவிடுங்கள்.