நாய்க்கு அழுதேன், மாலை மாமியாருக்கு வந்தது

நாவல் படித்து அழுகிறவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

அபிராமபுரத்தில் எங்கள் ஃபிளாட். மாமியார் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். தான் எங்களுக்கெல்லாம் பாரம் என்று காபிக்கு ஒருதரம், கஞ்சிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் அவர் தூங்கியதும் ஹாலில் உட்கார்ந்து ஒரு நாவலை எடுத்தேன். ஒரு குடும்பம், ஒரு கிழட்டு நாய். குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போகிறது. நாய் பழைய வாசலிலேயே காத்துக் கிடந்து செத்துப்போகிறது. நான் என்ன கல்லா? முதலில் மூக்கை உறிஞ்சினேன், அப்புறம் விசும்பினேன், கடைசியில் வாய்விட்டே அழுதேன்.

மாடியில் பத்மா மாமிக்குக் கேட்டிருக்கிறது. வேறு யாராவது என்றால் கதவைத் தட்டி என்னவென்று கேட்டிருப்பார்கள். மாமிக்குச் சாஸ்திரம் தெரியும். கட்டிடத்தில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை சாப்பிடக் கூடாது; ஆனால் இன்னும் யாரும் வந்து சொல்லவில்லையே? அவசரமாக ரசம் சாதத்தை முடித்து (மோரும் விட்டுக்கொண்டாராம்), கை கழுவிய பிறகுதான் அசோசியேஷன் செக்ரட்டரிக்குப் போன் பண்ணினார். செக்ரட்டரி ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, தி.நகர் ஆபீசில் இருந்த என் கணவரிடம் துக்கம் விசாரித்தார். கணவர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். நான் போனை எடுத்து, பேச்சு வராமல் விக்கி விக்கி அழுதேன். மனிதருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? நங்கநல்லூரில் இருக்கும் தன் மாமாவுக்கும் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

அழுது ஓய்ந்து நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. மாமியாரே மெல்ல நடந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறார். பெட்டியோடு இரண்டு பேர் நின்றார்கள்.

"லலிதாம்மா பாடி எங்க கீதும்மா?"

"நான்தாம்ப்பா அது. உள்ள வா," என்றார் மாமியார்.

அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் என் கணவர் வந்தார், செக்ரட்டரி வந்தார், பத்மா மாமி இறங்கி வந்தார். எல்லோருக்கும் பின்னால் நங்கநல்லூர் மாமா, மாமியாரின் சொந்தத் தம்பி, கையில் இவ்வளவு பெரிய ரோஜா மாலையோடு மூச்சிரைக்க நின்றார். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவர்.

"என்னைப் பாக்க ஒழியலை. மாலை வாங்க மட்டும் ஒழிஞ்சுதாடா?" என்றார் மாமியார்.

மாமா மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விசாரணை என் பக்கம் திரும்பியது. நாவலைக் காட்டினேன். நாய்க்கா என்று கணவர் கேட்ட தொனியை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். மாமியார் மட்டும் கோபப்படவில்லை. என்னையே பார்த்தார்.

"நாய்க்கே இவ்ளோ அழறியே. நான் போனா அழுவியோ?"

சட்டென்று 'அழுவேன்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். அசடு, நான் யோசித்தேன். ஐ.சி.யூ. வாசலில் நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயத்தில் பிளாஸ்க்கும் மருந்துச் சீட்டுமாக ஓடினேனே தவிர, அழ முடியவில்லை. அன்று வராத அழுகைதான் அந்த நாய்க்கு வந்து தொலைத்தது. இதை அத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வது?

"பாத்தேளா, யோசிக்கறா," என்றார் மாமியார். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் ராத்திரி கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

இன்றுவரை வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் வாயால் இந்தக் கதை உண்டு. முடிவில் என் பக்கம் திரும்பி, "என்னடி, யோசிச்சு முடிச்சியா?" என்பார். நான் ஒரு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அழுவேன்மா, நிஜமாகவே அழுவேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.