இருபத்தாறு எலும்புகளின் சொந்தக்காரர்

குதிகால் வலிக்காரர் என்று ஒரு தனி இனம் இருக்கிறது. தலைவலிக்காரர் பாவம், விளக்கை அணைத்துவிட்டுச் சுருண்டு படுத்துவிடுவார். பல்வலிக்காரரால் வாயைத் திறக்க முடியாது. அந்த அளவுக்கு உலகம் பிழைத்தது. குதிகால் வலிக்காரருக்கோ வாய் நன்றாக இருக்கிறது. உட்கார்ந்து பேச நேரமும் இருக்கிறது. ஆபத்து அங்கேதான்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். உங்களைப் பார்த்ததும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், செருப்பைப் பார்ப்பார். நேற்றுதான் ஆசை ஆசையாய் வாங்கிய செருப்பாக இருக்கும். "இதையா போட்டுக்கிட்டு அலையறீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார். அதற்குமேல் அந்தச் செருப்பு உங்களுக்குச் சந்தோஷம் தராது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடினால் அவனுக்குத் தட்டைப் பாதம் என்பார். வங்கியில் வரிசையில் முன்னால் நிற்கும் பெண்மணியின் பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைக் கண்டு, "கூர் மூக்கு ஷூ போட்டா இப்படித்தான் எலும்பு முட்டிக்கிட்டு நிக்கும்" என்று, கேட்காதவரிடம், கேட்கும்படி சொல்வார். ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பு, இரண்டுக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டு, உடம்பு எலும்பில் கால்வாசி காலில்தான் என்பார். சொல்லிவிட்டு நீங்கள் சிரிப்பதற்காகக் காத்திருப்பார். சிரித்துவிடுங்கள். சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்வார்.

காலையில் அவர் எழுந்திருப்பது ஒரு நாடகம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலை நீட்டி, மடக்கி, தரையைத் தொட்டும் தொடாமலும் வைத்து, வீட்டில் எல்லோரும் விழித்துவிட்டார்களா என்று ஒரு கணம் காது கொடுத்து, பிறகு முதல் அடியை எடுத்து வைப்பார். "அம்மா!" அந்த ஒரு சொல்லில் எத்தனை சோகம்! பத்தடி நடந்தால் வலி பாதியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் பத்தடி நடக்க மாட்டார்.

இனியும் 'அவர்', 'அவர்' என்று மூன்றாம் மனிதரைப் போலப் பேசி என்ன பயன்? அவர் நான்தான்.

டாக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்து, குதிகால் எலும்பின் அடியில் முள் போலச் சின்னதாக ஒன்று வளர்ந்திருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளங்காலின் நார்தான் இழுத்துக்கொண்டு வலிக்கிறது, பயிற்சி செய்யுங்கள், சரியாகிவிடும் என்றார். இத்தனை வார்த்தைகளில் என் நெஞ்சில் தைத்தது ஒரே வார்த்தை. முள். என் காலுக்குள், என் சொந்த எலும்பே, எனக்கு எதிராக ஒரு முள்ளை வளர்த்திருக்கிறது! இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? பயிற்சியை மறந்தேன். முள்ளை மறக்கவில்லை, மற்றவர்களை மறக்கவும் விடவில்லை.

எங்கள் வீடு இரண்டாவது மாடியில். படி இறங்கக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். எனவே மருந்துக்கடை, காய்கறி, தபால், கீழ்வீட்டுக்காரரின் பெரிய ஃப்ரிட்ஜில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் என் மனைவிதான். அந்தப் பாட்டிலைப் பாதத்துக்கடியில் வைத்து உருட்டுவது என் வைத்தியம். உருகிவிட்டால்? இன்னொன்று. மனைவி ஒரு சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவுக்குத் தலைமை. எட்டு மணி நேரம் மேசை முன்னால் நின்றே செய்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் என் பாட்டில்.

ஒரு மாலை அவள் பாட்டிலோடு வரும்போது வலது காலைச் சற்றே இழுத்து வைத்தாள்.

"என்ன, நொண்டுற?"

"பாதத்துக்கு மேல் பக்கம் வலிக்குதுங்க. ஒரு வாரமா. நிக்கவே முடியல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்காக என்றுதானே நினைக்கிறீர்கள்? பொறுங்கள். என் வேதனையைத் தினம் தினம் பார்த்து, தாங்க முடியாமல், அதில் பாதியைத் தன் காலில் வாங்கிக்கொண்டுவிட்டாளே இந்தப் பெண் என்று கலங்கினேன். எனக்கும் வலது கால், அவளுக்கும் வலது கால். வேறென்ன சாட்சி வேண்டும்? இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியம் வீண் போகவில்லை!

"எனக்காக நீ இவ்வளவு வேதனைப்படணுமா?" என்றேன், தழுதழுத்த குரலில்.

"என்ன உளறுறீங்க? உங்களுக்குக் கீழ வலிக்குது, எனக்கு மேல வலிக்குது."

"ஆழமா பரவியிருக்கு" என்றேன். பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அதுவும் முக்கியம் அல்லவா?

இதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். கீழ்வீட்டு அம்மாளுக்குச் சொல்லும்போது நானே இரண்டு முறை விம்மினேன். மனைவியோ வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரே ஒருநாள் மட்டும், ஷூவைக் கழற்ற முடியாமல் கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டு, "நிக்க முடியாதவள வெட்டு மேசையில எத்தனை நாள் வச்சிருப்பாங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். நான் அப்போது இன்னொரு பாட்டிலுக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். பஸ் மெக்கானிக். எதையும் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்க்கிறவன். அக்கா நடப்பதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"மாமா, அக்காவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?"

"டாக்டருக்கு இது புரியாதுப்பா. இது எலும்பு விஷயம் இல்ல. பாசம்."

அவன் என்னையும், தலையணைமேல் அரசாட்சி செய்துகொண்டிருந்த என் காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இருபத்தாறு எலும்புக்கும் பேர் சொல்றீங்க மாமா. அதுல ஒண்ணுகூட எங்க அக்காவுக்குக் கிடையாதா?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பாட்டில் உருகிக்கொண்டிருந்தது.

மறுநாள் எனக்கு டாக்டரிடம் மறுபரிசோதனை. எனக்குத்தான். என் தலையணை, என் எக்ஸ்ரே உறை, என் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் மனைவி தூக்கிக்கொண்டு வந்தாள். நான் என் வலியை மட்டும் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். டாக்டரம்மா முந்தின நோயாளியை வழியனுப்ப வாசலுக்கு வந்தவர், நீளமான நடைகூடத்தில் நாங்கள் இருவரும் வருவதைக் கடைசிவரை நின்று பார்த்தார். உள்ளே போனதும் நான் வழக்கமான ஸ்டூலில் அமர்ந்து காலை நீட்டினேன்.

"சார், எந்திரிங்க. அம்மா உக்காரட்டும்."

"டாக்டர், பேஷண்ட் நான்."

"தெரியும். எந்திரிங்க."

எழுந்தேன். டாக்டரம்மா என் மனைவியின் பாதத்தை மடியில் வைத்து, இரண்டாவது விரலுக்குப் பின்னால், மேல் பக்கத்தில், ஒரே ஒரு இடத்தில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். பிரசவத்தில்கூடச் சத்தம் போடாதவள் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். அந்த நகக்குறி இரண்டு நாள் இருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்ங்க."

"இப்போ நடை, படியேற்றம் எல்லாம் ஜாஸ்தியாச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

"இவருக்குக் கால்வலி வந்ததிலேர்ந்து ஒரு நாளைக்கு ஒம்பது, பத்துத் தடவை மாடி ஏறி இறங்குவேன்."

"வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சேன் டாக்டர்" என்றேன்.

"கவனிச்சு?"

மனைவிதான் கை கொடுத்தாள். "பாசம்னு சொன்னாருங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

எக்ஸ்ரேயில், விரல்களுக்குப் பின்னால் வரிசையாய்ப் படுத்திருக்கும் ஐந்து நீள எலும்புகளில் இரண்டாவதில், முடியை ஒட்டவைத்தது போல ஒரு கோடு. விரிசல். எங்கும் விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. நின்று நின்று, ஏறி ஏறி, ஓய்வே இல்லாமல் பாரம் சுமந்து எலும்பு தானாகக் கீறல் விட்டுவிட்டதாம். இன்னும் பத்து நாள் இப்படியே ஓடியிருந்தால் முழுதாக உடைந்து, அறுவை சிகிச்சைவரை போயிருக்கலாமாம். இருபத்தாறுக்கும் பேர் தெரிந்த மேதையின் வீட்டுக்குள், அவர் கண்ணுக்கு எதிரே, ஓர் எலும்பு மூன்று வாரமாக உடைந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் அதைக் காதல் என்று படித்திருக்கிறார்!

ஆறு வாரம் கெட்டியான அடிப்பகுதி வைத்த பூட்ஸ். நிற்கக் கூடாது. "என் வேலை?" என்று கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கும்படி டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க நடங்க. படி ஏறுங்க. நிறைய ஏறுங்க."

கடிதத்தைக் கம்பெனிக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் மோவாயைச் சொறிந்தார். நான் அழுவதற்குத் தயாரானேன், அது எனக்குக் கைவந்த கலை. அதற்குள் வெட்டுப் பிரிவுப் பெண்கள் நாலு பேர் ஓர் உயரமான ஸ்டூலை மேசையோரம் இழுத்துப் போட்டு, "அக்கா இதுல உக்காந்து அளவு குறிச்சுக் கொடுக்கட்டும் சார், வெட்டறது நாங்க" என்றார்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு எலும்பின் பெயர்கூடத் தெரியாது.

ஆறு வாரம் படி ஏறி இறங்கினேன். என் குதிகால் வலி போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. போகிற வலி சொல்லிக்கொண்டு போகக் கூடாதா? மனைவியின் எலும்பு கூடிவிட்டது. மறுபடியும் மேசை முன்னால் நிற்கிறாள். நான் திருந்திவிட்டேனா? எங்கே! போன வாரம் வந்த விருந்தாளியிடம், "எங்களுக்கு ரெண்டாவது நீள எலும்புல விரிசல்..." என்று ஆரம்பித்தேன். உள்ளிருந்து குரல் வந்தது: "எங்களுக்கு இல்லீங்க, எனக்கு."

வாசகரே, நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ காலைத் தூக்கி மடியில் வைத்துக் குதிகாலை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தீர்கள், பாருங்கள், அதைச் சொல்கிறேன். அதனால் ஒன்றும் இல்லை. அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்குத் தண்ணீரோ தலையணையோ எடுத்துக்கொண்டு உள்ளிருந்து யாரோ நடந்து வருகிறார்களே, அவர்கள் வந்து சேர்வதற்குள் ஒரே ஒருமுறை தலையை நிமிர்த்துங்கள். எந்தக் காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறார்கள்?