ஊதா கோட்

அலமாரிக் கதவு மூட மறுத்தது. கண்ணாடிக்காரர் முதலில் கையால் தள்ளினார், பிறகு தோளால் தள்ளினார், கடைசியில் முதுகைக் கொடுத்து முட்டினார். மனைவியின் ஏதோ ஒரு சட்டையின் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்றது.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. மனைவிக்கு நூலகத்தில் வேலை. தினமும் காலையில் இந்த அலமாரி முன்னால் நின்று ஒன்றைப் போடுவாள், கழற்றுவாள், இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, "இது எப்படிங்க இருக்கு?" என்பாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். துணி அதிகமாகிப் போனதுதான் அவள் தொல்லை என்பது அவர் முடிவு.

இப்போது அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை காலையில் திரும்புவாள். அன்றே நூலகத்தில் அவளுக்குப் பிரிவு உபசாரம். அதற்குள் அலமாரியை ஒழுங்குபடுத்தி அவளை அசத்திவிட நினைத்தார் மனுஷன்.

கண் பரிசோதிக்கும் முறையையே இங்கேயும் கையாண்டார். ஒவ்வொரு துணியாக முகத்துக்கு நேரே பிடித்து, "தெரியுதா, தெரியலையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவள் அதைப் போட்டிருந்ததாகத் தனக்கு ஞாபகம் இருந்தால் அலமாரிக்கு, இல்லாவிட்டால் மூட்டைக்கு. முடிந்தபோது அலமாரியில் ஒரு நைட்டியும் ஒரு சால்வையும் மிஞ்சின.

"பாவம், போடாத துணியா சேத்து வச்சிருக்கா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே, மூட்டைகளைத் தெருமுனைப் பழைய துணிக்கடையில் போட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் போன் வந்தது.

"என்னங்க, என்னோட ஊதா கோட்டை எடுத்துக் காத்தாட மாட்டி வைங்க. விழாவுக்கு அதைத்தான் போட்டுக்கப் போறேன்."

"எந்த ஊதா கோட்?"

"குளிர் வந்தா தினம் போட்டுட்டுப் போவேனே, அதுதான்."

"ஓ, அதுவா" என்றார்.

உடனே மகளுக்குப் போன் போட்டார். "அம்மாவோட ஊதா கோட் எப்படிம்மா இருக்கும்?"

"நீங்க எடுத்த போட்டோவே இருக்குமேப்பா. பாருங்க."

பார்த்தார். கடைக்குப் புது ஃபிரேம் வரும்போதெல்லாம் மனைவிக்கு மாட்டிவிட்டு அவர் எடுத்த படங்கள். வட்ட ஃபிரேம், சதுர ஃபிரேம், காதோரம் விலைச்சீட்டு தொங்கும் ஃபிரேம். எல்லாவற்றிலும் அவள் கழுத்தோடு முடிந்து போயிருந்தாள். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் கடை திறக்கும் முன்பே துணிக்கடை வாசலில் நின்றார்.

"பாதி வித்துப்போச்சு சார். மீதி இன்னும் பிரிக்கலை" என்றாள் துணிக்கடைக்காரி. "அம்மா எவ்வளவு உயரம்?"

அவர் கையைத் தன் தோளுக்கு நேராக வைத்தார். யோசித்துக் காதுக்கு உயர்த்தினார்.

"கோட்டுல பட்டன் பெரிசா, சின்னதா?"

"பவர் கேளுங்க, சொல்றேன். வலது கண்ணு மைனஸ் ரெண்டு."

"கண்ணுக்குக் கோட் மாட்ட முடியாதே சார்."

அவள் வேறு ஆளைக் கவனிக்கப் போன நேரத்தில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஓர் ஊதா கோட் தொங்குவதைக் கண்டார். போன உயிர் திரும்பி வந்தது. கைக்கு அகப்பட்ட துணிகளோடு அதையும் அள்ளிக் கடைப் பையனிடம் மொத்தமாக ஒரு விலை கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்தார். அலமாரியில் எல்லாவற்றையும் நிறம் நிறமாக மாட்டினார். கதவு விரலால் தள்ளியதும் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலை மனைவி வந்து அலமாரியைத் திறந்தாள். மாட்டியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள்.

"நல்லா அடுக்கியிருக்கீங்க" என்றாள்.

ஊதா கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பையில் கைவிட்டபோது ஒரு சீப்பும் இருமல் மிட்டாயும் வந்தன. அவற்றைப் பார்த்தாள், திரும்ப உள்ளேயே வைத்தாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவள் வாயைத் திறக்கும் முன் முந்திக்கொண்டார்.

"இந்தக் கோட்ல நீ எப்பவுமே அழகு."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அவள் அவரையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "கடையைச் சாத்திட்டு வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

கடையைப் பூட்டும் நேரத்தில் துணிக்கடைக்காரி ஒரு பையோடு வந்து நின்றாள்.

"இதுதான் சார் உங்க வீட்டம்மா கோட். பிரிக்காத மூட்டைல அடியில கிடந்துச்சு. நீங்க அள்ளிட்டுப் போனது என்னோடது. நேத்து குளிர்ல நடுங்கிக்கிட்டே வீட்டுக்குப் போனேன்."

கண்ணாடிக்காரர் பையைப் பிரித்தார். பெரிய பட்டன்கள், தேய்ந்த முழங்கை, காலரில் ஒரு சின்ன ஒட்டு. அதை வாழ்நாளில் இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது. அவமானமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

"ஐயோ, அதைப் போட்டுக்கிட்டு மேடை ஏறப் போறாளே. உங்களுதுன்னு அவளுக்குத் தெரியாதே" என்றார்.

"வழியில அம்மாவைப் பாத்துச் சொன்னேன் சார். 'தெரியும்மா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் குடுங்க, முதல் தடவையா என்னை நிமிர்ந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு'ன்னாங்க."