கைப்பேச்சு அக்கா

மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கைப்பேச்சு அக்காவைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார். எங்கள் பிளாட்டில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். பேச்சு வராத குழந்தைகளுக்குச் சைகை சொல்லிக்கொடுத்தால் அழுகை குறையும் என்று கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்தார். அன்று பிடித்தது எங்களுக்குச் சனி.

போதுமென்றால் கையை விரி. வலித்தால் இரண்டு சுட்டுவிரலையும் வலிக்கிற இடத்தில் முட்டு. பாலுக்கு மட்டும் வீடியோவில் வந்த சைகை அவருக்குப் பிடிக்கவில்லை.

"அது மாடு கறக்கிற மாதிரி இருக்கு தம்பி. எங்கம்மா தோட்டத்துல ரப்பர் மரஞ்சீவித்தான் பால் எடுத்துச்சு. நமக்கு அதுதான் வரும் லா," என்றார். ஆக, பால் வேண்டுமென்றால் விரலால் சாய்வாக ஒரு கோடு இழுக்க வேண்டும்.

பழக்கம் குழந்தைகளோடு நிற்கவில்லை. மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் அக்கா கீழே நின்று கையை விரிப்பார். அவர்களுக்குச் சிரிப்பு வந்து சண்டை கெட்டுவிடும்.

வினை ஆயர் தாவார் என்ற ஊரில் வந்தது. ஒரு கல்யாண விருந்தில், அக்காவிடம் விட்டுவந்த எங்கள் ஒன்றரை வயது மகளை என் மாமியார் தூக்கி வைத்திருந்தார். அவளுக்குப் பசி. பாட்டியின் கழுத்தில் விரலால் சாய்வாக இழுத்தாள். விடாமல் இழுத்தாள்.

"கழுத்த அறுப்பேங்குது பிள்ள. வாயத் தெறந்து ஒரு வார்த்த வரல. அந்தப் பொம்பளகிட்ட விட்டா ஊமையாவே போயிரும்," என்றார் மாமியார்.

என் மனைவிக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அக்காவிடம் பிள்ளையை விடுவதை நிறுத்திவிடுவதென்று முடிவானது. அதை அவரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதே பிள்ளைக்குக் காய்ச்சல். கிளினிக்கில் டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். பிள்ளை வீல் வீலென்று கத்தினாள். அழுகைக்கு நடுவே இரண்டு சுட்டுவிரலையும் இடது காதில் கொண்டுபோய் முட்டினாள்.

மனைவிதான் முதலில் கவனித்தாள். "டாக்டர், காதுல வலிங்குது."

விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. மருந்து எழுதும்போது மனைவி, பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை என்று மெல்லச் சொன்னாள்.

"இப்ப பேசுனாளே," என்றார் டாக்டர்.

காய்ச்சல் விட்டதும் மனைவியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நன்றி சொல்லணும்னா கைய எப்படி வைக்கணும்?"

அக்கா பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். "அதுக்கு நான் ஒண்ணும் வைக்கல தங்கச்சி. யாரும் கேட்டதில்ல."

பிள்ளை அவரிடம் தாவிக் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். நன்றிக்கு நாங்கள் அதையே வைத்துக்கொண்டோம்.