நடைமீன் அண்ணை

இலங்கைக் காட்டில் உள்ள அத்தனை உயிர்களையும் ஒரே உடம்பில் ஏற்றிக்கொண்டு கனடாவின் மொன்றியலில் வந்திறங்கியவர் நடைமீன் அண்ணை ஒருவர்தான். விமான நிலையத்தில் அவருடைய பெட்டியைத்தான் சோதித்தார்கள். ஆளைச் சோதிக்கத் தவறிவிட்டார்கள்.

மன்னார்க்காரர். சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஒரு விலங்கின் பெயரைச் சொன்னால் போதும், அதுவாகவே மாறிவிடுவார். உடம்பெல்லாம் செதில் போர்த்த எறும்புதின்னியான அழுங்கு என்றால், குளிர்ச்சட்டையோடு உருண்டையாகச் சுருண்டு மேசைக்கடியில் கிடப்பார்.

"சிறுத்தையே வந்தாலும் பிரிக்கேலாது. இழுத்துப் பாருங்கோ!"

பங்குச் சபைத் தலைவர் உட்பட மூன்று பேர் இழுத்தார்கள். தலைவருக்கு இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம்.

பெண் இருவாட்சிப் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் சிறு துவாரத்தால் இரை ஊட்டும். இதை விளக்க, மேலங்கிகள் தொங்கும் அலுமாரிக்குள் புகுந்து, கதவிடுக்கால் வாயை மட்டும் நீட்டினார். அவருடைய எட்டு வயதுப் பேர்த்தி ரோல்ஸ் ஊட்டினாள். மேலங்கி எடுக்க வந்த பிரெஞ்சுக்காரக் கிழவி அலறிய அலறலில் சுவாமியார் ஓடிவந்தார்.

"வெளியில வாரும் ஐயா!"

"இன்னும் குஞ்சு பொரிக்கேல்லை, சுவாமி!"

அவர் சொன்னதெல்லாம் உண்மை. எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவன் நான்.

கர்க்லாண்டில், அண்ணையின் மகன் வீட்டில், அந்தப் பேர்த்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்து. என்னைப் பேச அழைத்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமியதுமே பிள்ளைகள் அண்ணையிடம் ஓடிவிட்டார்கள். அவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, முழங்கையை ஊன்றித் தரையில் நகர்ந்துகொண்டிருந்தார்.

"குளம் வத்தினா, பனையேறிக் கெண்டை இப்பிடித்தான் நடந்து மற்றக் குளத்துக்குப் போகும்!"

பேர்த்தியின் வகுப்புத் தோழர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து, நேரே என்னிடம் வந்தாள்.

"மாஸ்டர், மீன் நடக்குமோ? அப்பப்பா சொல்லுறது உண்மையோ?"

அந்த மீனை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்தவன் நான். அது ஈரத்தரையில் நகர்வதைக் கண்ணாலும் கண்டிருக்கிறேன். 'ஓம்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் என் பேச்சைக் கெடுத்துவிட்டாரே என்ற எரிச்சல் எனக்கு.

"நடந்தா, அதுக்கு ஆர் பிள்ளை சப்பாத்து வாங்கிக் குடுக்கிறது?"

வீடே சிரித்தது. நடைமீன் என்ற பட்டம் அன்றுதான் பிறந்தது. அண்ணை எழுந்து முழங்கையைத் தட்டினார். "மாஸ்டர் படிச்ச மனுசன்" என்றார், அவ்வளவுதான்.

அதன்பின் அவர் கதை தொடங்கினாலே பேர்த்தி பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்துபோனாள். அண்ணை நாற்காலியில் மனிதராகவே உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கினார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே இரண்டு பனிக்காலத்தைக் கடத்தினேன். அதைச் சொல்ல இன்னும் வெட்கம்.

கடைசியில் ஒரு ஞாயிறு, அவர் முன்னாலேயே அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, மீன் நடக்கும். அப்பப்பா சொன்னது முழுக்க உண்மை. நான்தான் பொய் சொன்னனான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப பொய் சொன்னியளோ, இப்ப பொய் சொல்லுறியளோ?"

அண்ணைதான் குறுக்கே வந்தார்.

"மாஸ்டரை அப்பிடிக் கேக்கக்கூடாது. அவர் மறந்துபோனவர். இந்தக் குளிருக்கு ஆருக்கும் மறக்கும்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் வாயால் நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதையும் எனக்காகவே சொன்னார்.