உன் அக்காவுக்குத் தெரியக் கூடாத ஸ்கேன்

உத்திரமேரூர்,
தை பிறக்க இருபது நாள்.

அன்புள்ள சுகுமாருக்கு,

மாமா தாமோதரன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா சசிரேகாவும் எங்கள் சினைப் பசுவும் நலம். இதில் என்னைப் பற்றிய பகுதியைக் கீழே திருத்தியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். என் போனை உன் அக்காதான் எடுப்பாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவாள். எழுத்து பொடியாக இருந்தால் தவறாக நினைக்காதே. தாளைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறேன்.

விஷயம் இதுதான். என் வலது கைக் கட்டைவிரல் ஆறு மாதமாகத் தானாகவே எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது. சென்னையில் காட்டினேன். பார்கின்சன் நோய், ஆரம்ப நிலை என்றார்கள். மாத்திரை தொடங்கும் முன் மூளையைப் படம் பிடிக்கும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது, வருகிறீர்களா என்று டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி கேட்டார், போனேன். இது உன் அக்காவுக்குத் தெரியக் கூடாது. தை மாதம் மகளிர் குழுவோடு அவள் காசிக்குப் போகிறாள். திருப்பதியைத் தாண்டி அவள் ரயிலேறியதில்லை. தெரிந்தால் அந்த நிமிடமே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆகவே அன்று நான் தாம்பரத்தில் ஓய்வூதியர் கூட்டத்துக்கு வந்தேன், உன் வீட்டில் அவரைக்காய்ப் பொரியல் சாப்பிட்டேன். மறந்துவிடாதே, அவரைக்காய்.

உன் அக்கா எவ்வளவு வெகுளி என்பது அன்றுதான் முழுதாகப் புரிந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள், ஆகவே நாஷ்டா வேண்டாம், இன்று ஏகாதசி என்றேன். சொன்ன பிறகுதான் காலண்டர் கண்ணில் பட்டது, திருதியை. நாள் பார்க்காமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்காதவள், "ஆமா, ஏகாதசிதான்" என்று சொல்லி, ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து, "கூட்டம் முடிஞ்சதும் நல்லா குடிங்க, அடக்கி வெச்சிக்கினு இருக்காதீங்க" என்று கொடுத்தனுப்பினாள். அங்கே கையில் ஊசி வழியாகக் கதிர்வீச்சு மருந்தேற்றி, குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் தலையை அசைக்கக் கூடாது என்றார்கள்; தலை கேட்டுக்கொண்டது, கட்டைவிரல் மட்டும் கடைசி பெஞ்சுப் பையனாக ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு படத்தைக் காட்டினார்கள். இரண்டு புளியங்கொட்டைகள், இடப்பக்கத்துக் கொட்டை கூடுதல் சிவப்பு. டோபமைன் என்ற இரசாயனம் குறையும்போது அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஆரம்பத்தில் கூடுமாம். நடுக்கம் வலது கையில் என்றால் கூடுவது மூளையின் இடப்பக்கம். ரேஷன் கடைக்குப் பாமாயில் நூறு பாக்கெட் வந்தால் முப்பது பேர் நிற்போம், முப்பது வந்தால் முந்நூறு பேர் நிற்போம், அதுதானே என்றேன். "அதேதான் சார், ஆனா அந்த வரிசை ரொம்ப நாள் நிக்காது" என்றார் டாக்டர். எத்தனை சதவீதம் கூடுதல் என்றேன். பதினைந்து என்றார். என் மண்டையில் ஏதோ ஒன்று சராசரியைத் தாண்டியது இதுவே முதல் முறை என்பதால் கைகுலுக்கிவிட்டுப் புறப்பட்டேன். கேன் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டதால் செங்கல்பட்டு தாண்டி மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். "இன்னா பெருசு, வழியில கீற மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்தப்போறியா?" என்று கண்டக்டர் கேட்டார். நான் கோபப்படவில்லை. இன்று முழுவதும் கர்ப்பிணிகள் பக்கத்தில் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து பஸ்ஸில் இடம் மாறி மாறி உட்கார்ந்ததில், அவருக்கு ஏற்கெனவே நான் பேஜாராகிவிட்டிருந்தேன். தெருவில் நுழைந்தால் எதிரே பக்கத்து வீட்டு முனியம்மாளின் மருமகள் பூஜா, ஏழு மாதம், கையில் குழம்புக் கிண்ணம். அவள் ஓரடி வர நான் ஈரடி பின்னால் போனேன். "இன்னா மாமா, என்னைப் பாத்தா பேய் மாதிரியா கீது?" என்று கேட்டேவிட்டாள். உன் அக்கா வாசலிலிருந்து, "நீ உள்ள போம்மா, வாத்தியாரு பின்னால நடந்து பழகறாரு" என்றாள். சினைப் பசுவைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லையே என்று தயங்கினால், கொட்டகை காலி. கொசு ஜாஸ்தி என்று அன்று மதியமே பசுவை முனியம்மாள் வீட்டில் கட்டிவிட்டாளாம். என் அதிர்ஷ்டத்தைப் பார்.

மாத்திரைகளை ஓமியோபதி டப்பாவில் ஒளித்துவைக்கப்போகிறேன். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஏழாம் வாய்ப்பாட்டை மறக்க வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
எதையும் காட்டிக்கொள்ளாத உன் மாமா,
தாமோதரன்.

பின்குறிப்பு: தம்பி சுகுமாரு, இது அக்கா எழுதறது. மேல கீறதும் என் கையெழுத்துதான். மாமா கவரை ஒட்டி, கரண்ட் ஆபீசுக்குப் புகார்னு சொல்லி என்கிட்டயே குடுத்தாரு. "இன்னாக்கா, விலாசத்துல எறும்பு ஊர்ந்துகினு போவுது"ன்னு போஸ்ட் ஆபீஸ் ஞானதாஸ் திருப்பிக் குடுத்துட்டான். பிரிச்சி, பூஜா செல்லுல போட்டோ புடிச்சி பெருசாக்கிப் படிக்க, நான் ஒரு எழுத்து மாத்தாம எழுதினேன். அதனால இப்ப தெருவுல பதினோரு வூட்டுக்கும் தெரியும். யாரும் காட்டிக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிக்கினோம். பசுவுக்கு மட்டும் சொல்லல. எனக்கு ஒரு வருசமாவே சந்தேகம், வலது கையை வீசாம நடக்கறாரு. அந்த டாக்டரம்மா மூணு தபா போன் பண்ணுச்சி, மூணு தபாவும் நான்தான் எடுத்தேன். காசிக்கு ரெண்டு டிக்கெட்டு போட்டாச்சி. எங்க குழுவுக்கு இந்தி பேச ஒரு வாத்தியார் வேணும்னு கூப்புடப்போறேன். அவருக்கு இந்தி தெரியாது, ஆனா ஒத்துக்குவாரு. நீ அவரைக்காய்னே சொல்லு. பொய் சொல்ல ஆரம்பிச்சதுல இருந்துதான் மனுசன் கொஞ்சம் வேகமா நடக்கறாரு.