எட்டு போர்ட்டுக்கும் பெயர் சூட்டு விழா

டெஸ்மண்ட் முடிவுக்கு வந்துவிட்டான். இந்த வருடம் ஆஸ்திரேலியக் கால்பந்தான ஃபுட்டியின் இறுதிப் போட்டியின் கடைசிக் கால்பகுதியை ஒரு நொடிகூடப் படம் திக்காமல் பார்த்தே தீருவது!

வாரக்னபீல் ஊருக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த அவன் வீட்டுக்கு இணையம் வந்ததே பெரிய காரியம். கூடத்தில் மனைவி ரோஸ்லின் டிவி போட்டால், பின்கொட்டகையில் இவன் டிவி நின்று நின்று ஓடும். போட்டி நாளன்று பார்த்துத்தானா அவளுடைய போர்வை தைக்கும் தோழிகள் சமையல் போட்டி பார்க்க வரவேண்டும்?

நடை அலமாரியில் இணையத்தை வயர் வயராகப் பிரித்துக் கொடுக்கும் புது நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை மாட்டினான். வயர் செருக எட்டு போர்ட். ஒவ்வொன்றுக்கும் போனிலிருந்தே பெயர் வைக்கலாம், ஒரே தட்டில் அணைக்கலாம். அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சொந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதுகூட இவ்வளவு யோசித்ததில்லை. கொட்டகைக்கு 'ராஜசபை'. கூடத்துக்கு 'வெட்டிச் சங்கம்'.

"அந்தப் பெட்டியோட என்ன கொஞ்சல்?" என்றாள் ரோஸ்லின்.

"நிர்வாகம்! சொன்னா உனக்குப் புரியாது."

"அப்ப சொல்லாதே. நாய்க்குச் சோறு வெச்சியா?"

"நிர்வாகி சோறு வைக்கமாட்டான்!"

அவள் அந்தப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

போட்டி நாள். கொட்டகையில் நண்பர்கள் க்ளைவும் பாரியும் பீரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே அடுப்பில் டெஸ்மண்ட் போட்ட இறைச்சி சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. கடைசிக் கால்பகுதி. இவர்கள் அணி மூன்றே புள்ளி பின்தங்கல். பந்து பாதி வானத்தில் இருக்கும்போது படம் நின்றது.

"டேய் டெஸ், ஏதாவது பண்ணுடா! உயிர் போகுது!" என்று க்ளைவ் அலறினான்.

"இப்பப் பாரு மச்சி!"

'வெட்டிச் சங்கம்' மீது ஒரே தட்டு. கொட்டகை டிவி இருண்டது.

திரும்பத் தட்டினான். ஊஹும். அவன் போனுக்கும் இணையம் அதே வயரில்தான் வந்துகொண்டிருந்தது! தன்னைத்தானே உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை வெளியே எறிந்தாயிற்று.

வீட்டுக்கு ஓடினான். நண்பர்களும் பின்னாலேயே ஓடினார்கள். கூடத்தில் தோழிகள் சோபாமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் சமையல் இல்லை, ஃபுட்டி!

"ரோஸ்! என் ஸ்விட்ச்சைத் தொட்டியா?"

"வயரைத் தொடவே இல்லையே. போன்ல நீ வெச்ச ரெண்டு பேரை மட்டும் இடம் மாத்தினேன். நாய் பேரைப் போய் யாராவது பாஸ்வேர்டா வைப்பாங்களா?"

"ஐயோ, ஏன் இப்படிப் பண்ணினே?"

"என்ன பண்ணினேன்? வெட்டிச் சங்கத்தை அணைச்சே, அணைஞ்சிருக்கு. நல்ல பெட்டியாத்தான் வாங்கியிருக்கே!"

க்ளைவ் டெஸ்மண்டை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். "ரோஸ், நாங்களும் இங்கயே உட்காரலாமா?"

"தாராளமா. பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க."

டெஸ்மண்டும் குனிந்து பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தான்.

"நீ எதுக்குக் கழட்டறே, நிர்வாகி? வெளியே சாசேஜ் கருகற வாசனை வருது, போ."

வெற்றிக் கோலுக்கு எழுந்த ஆரவாரத்தை அவன் புகைக்கு நடுவே, இடுக்கியும் கையுமாக நின்று கேட்டான்.